வண்டியில் அமர்த்தும் சாட்சி



ஆண்டுதோறும் இம்மேடையில் குறளின் பெருமையையும் சிலம்பின் சுவையையும் அறிஞர் பெருமக்கள் எடுத்துரைக்கக் கேட்டவர்கள் நீங்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்துவிட்ட எம்மைச் செயலாளர் அவர்கள் பேச அழைத்தபோது, "எமக்கு என்ன தெரியும்?" என்றே வினவினோம். "மாலை நேரத்தில் குடியிருப்பில் உள்ளவர்கள் உங்களைத் தேடி வந்து காருக்குக் கேமரா எது வாங்கலாம் என்று கேட்கிறார்களே, அதைப் பற்றியே பேசிவிடுங்கள், தனித்தனியே சொல்லும் தொல்லையும் தீரும்" என்றார். ஆதலின் இன்று இலக்கியம் இல்லை. காரின் முன்கண்ணாடியில் ஒட்டி வைக்கும் உள்ளங்கை அளவுக் கேமராவே எம் பொருள். டேஷ்கேம் என்று கடைக்காரர் சொல்வது அதனைத்தான்.

நம் குடியிருப்பில் வாழ்வோர் பெரும்பாலோர் எல்லையின் இருபுறமும் உறவு கொண்டவர்கள். ஒருவருக்குப் பொள்ளாச்சி, ஒருவருக்கு உடுமலை, ஒருவருக்குப் பழனி. எம்மைப் போன்றோருக்குக் கம்பம், போடி. முன்பெல்லாம் பாஸ் எடுத்து இரயிலில் சென்றோம். இப்பொழுது கடன் வாங்கியேனும், பிறர் ஓட்டிய வண்டியையேனும் வாங்கி, பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு காரில் செல்கிறோம். செல்லும் வழிகளோ எளிய வழிகள் அல்ல. கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையார் வரை பார வண்டிகளின் வரிசை. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கு ஏறினால் யானைக்காடு. மூணாற்றிலிருந்து பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்கு வந்தால் பனியும் வளைவும். அங்கிருந்து போடிக்கு இறங்கப் பதினேழு கொண்டையூசி வளைவுகள். கம்பமெட்டும் குமுளியும் அவ்வாறே. அவ்வழிகளில் எதிரே வரும் வண்டியில் பாதி கேஎல் என்றும் பாதி டிஎன் என்றும் எண் தாங்கியிருக்கும். உரசல் ஒன்று நேர்ந்துவிட்டால், எந்த எழுத்து எந்த ஊரில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே கூட்டத்தின் தீர்ப்பு அமைந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். நமக்கு மலையாளம் தட்டுத் தடுமாறி வரும். அவர்களுக்குத் தமிழ் அவ்வாறே. கேமராவுக்கோ இரண்டும் தெரியாது.

எமக்கு இந்த ஆர்வம் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். 2022-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மூணாற்றில் உள்ள எம் தமக்கையார் வீட்டிற்குச் சென்றோம். அவர் கணவர் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிபவர். இரண்டு நாள் தங்கிய பின், தமக்கையாரையும் அவர் மக்களையும் ஏற்றிக்கொண்டு கம்பத்திற்குப் புறப்பட்டோம். தமக்கையின் கணவரும் அவர் நண்பர்களும் பின்னால் வேறொரு வண்டியில் வந்தனர். தேவிகுளம் தாண்டிக் கேப் ரோட்டில் இறங்கும்போது பனி மூடிக்கொண்டது. வலப்புறம் திரும்பும் வளைவு ஒன்றில், கீழிருந்து ஏறி வந்த ஜீப் ஒன்று எம் வண்டியின் வலப்பக்கத்தை உரசிச் சென்றது. கண்ணாடி முறிந்தது; கதவில் ஒரு முழ நீளத்திற்குக் கீறல் விழுந்தது. ஜீப்பின் முன்விளக்கும் உடைந்தது. நல்வினையால் எவருக்கும் காயம் இல்லை.

ஜீப்பை ஓட்டி வந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழ் இளைஞர். "நீங்கள்தான் என் பக்கம் வந்தீர்கள்" என்றார் அவர். "நீதான் எம் பக்கம் வந்தாய்" என்றோம் யாம். பின்னால் வந்தவர்களும் இறங்கினார்கள். "வயதில் மூத்தவர், இரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவர், குடும்பத்தோடு வருகிறார், அவரா பொய் சொல்வார்?" என்றார்கள். அவர் தனியாள். அரை மணி நேரப் பேச்சுக்குப் பின் 4,500 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அதில் அன்றைய ஓட்டக் கூலியும் சேர்ந்திருந்தது என்று பின்னர்க் கேள்விப்பட்டோம். யாமும் வாங்கிக்கொண்டோம். எம் பக்கமே நியாயம் என்பதில் எமக்கு அன்று எள்ளளவும் ஐயம் இல்லை. "இனி இப்படி ஒருவன் வம்புக்கு வந்தால் காட்டுவதற்குச் சான்று வேண்டும்" என்று சொல்லித்தான் எம் மகனைக் கேமரா பார்க்கச் சொன்னோம். இதை மனத்தில் வைத்திருங்கள். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

பதிவு என்பது இரயில்வேக்காரர்களாகிய நமக்குப் புதியதன்று. பார்சல் ஒன்று வந்து இறங்கும்போது கட்டுக் கிழிந்திருந்தால் அப்பொழுதே அதைக் குறித்துவிட வேண்டும். மறுநாள் எழுதினால் கிழித்த பழி நம் தலைமேல் விழும். இரயில் எஞ்சினில் வேகத்தைப் பதிக்கும் கருவி உண்டு. ஓட்டுநரின் அறையில் குரலையும் காட்சியையும் பதியும் கருவிகளும் இப்பொழுது பொருத்தப்பட்டு வருகின்றன. 2021-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு, வாளையாற்றுக்கு அப்பால் நவக்கரை அருகே மங்களூர்ச் சென்னை வண்டி மோதி மூன்று யானைகள் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வண்டி என்ன வேகத்தில் வந்தது என்பதே அப்பொழுது எழுந்த முதற் கேள்வி. வேகப் பதிவை நாடித் தமிழ்நாட்டு வனத்துறையினர் பாலக்காட்டு நிலையத்திற்கே வந்ததும், அதனால் இரு துறையினர்க்கும் இடையே சச்சரவு மூண்டதும் செய்தித்தாள்களில் வந்தன. நடந்ததை நேரில் கண்டவர் எவ்வளவு சொன்னாலும், அந்தச் சிறு கருவி என்ன சொல்கிறது என்று கேட்கும் காலம் இது.

வெளிநாட்டிலும் அப்படித்தான். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் இரசியாவில் செல்யாபின்சுக் நகரின் மேல் விண்கல் ஒன்று வெடித்தபோது, உலகம் அதைக் கண்டது பெரும்பாலும் கார்களில் இருந்த இத்தகைய கேமராக்களின் வழியாகத்தான். ஆயினும் நமக்குப் பொருந்துவது விண்கல் அன்று. செருமனி நாட்டு வழக்கு ஒன்று. மாக்டபர்க் நகரில் அருகருகே இடப்பக்கம் திரும்பிய இரு கார்கள் உரசிக்கொண்டன. மற்றவர்தான் தம் தடத்திற்குள் வந்தார் என்று இருவரும் சாதித்தனர். ஒருவரிடம் கேமராப் பதிவு இருந்தது. தெருவில் போவோர் வருவோரை எல்லாம் ஓயாது படம் பிடிப்பது தகவல் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது என்று கூறிக் கீழ் நீதிமன்றங்கள் அதைப் பார்க்க மறுத்துவிட்டன. அந்நாட்டு உச்ச நீதிமன்றமோ 2018-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், ஓயாது பதிவது சட்டத்திற்கு மாறு என்பதை ஒப்புக்கொண்டே, உரிமை வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. கேப் ரோட்டு வழக்கைப் போன்றதே அது என்று எமக்குத் தோன்றியது.

இனிக் கருவிக்கு வருவோம். முதலில் யாம் ஏமாந்த கதை. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 2,000 ரூபாய்க்கும் குறைவாக ஒரு கேமராவை வாங்கினோம். பெயர் வேண்டாம். பெட்டியின் மேல் இருந்த எழுத்துகள் எல்லாம் மிகப் பெரியனவாக இருந்தன. பங்குனி பிறந்தது. நம் பாலக்காட்டு வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. வெளியே 40 பாகை என்றால், கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள்ளே அதற்கும் மேலாக 20 பாகை ஏறும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பொருள் அந்தச் சூட்டை நேரே வாங்கும். ஒரு நாள் மாலை பணி முடிந்து வந்து பார்த்தபோது கேமராவின் வயிறு உப்பியிருந்தது. உள்ளே இருந்தது லித்தியம் பேட்டரி. அது வெடிக்காமல் விட்டது எம் நல்லூழ்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பது அன்று. "உள்ளே இருப்பது பேட்டரியா, கப்பாசிட்டரா?" என்பதே. வண்டி நின்ற பின்னும், மோதலில் மின்சாரம் அறுந்த பின்னும், கடைசிப் பதிவை ஒழுங்காக முடித்துவைக்கச் சில நொடி மின்சாரம் வேண்டும். அதைத் தருவதற்குப் பேட்டரி வைப்பவரும் உளர். சூப்பர் கப்பாசிட்டர் என்னும் மின்தேக்கி வைப்பவரும் உளர். மின்தேக்கி வெப்பத்தைப் பேட்டரியை விட நன்கு தாங்கும். மூணாற்றுக் குளிரில் வாழ்பவர்க்கு இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் குடியிருக்கும் நாம், விலை ஆயிரம் ரூபாய் கூடினாலும் இதில் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

இரண்டாவது, அட்டை. இதைப் பற்றிப் பேச எவரும் விரும்புவதில்லை. கேமராவுக்குப் பணம் கொடுத்தவர்கள் அட்டைக்குக் கொடுக்க மனம் கோணுகிறார்கள். பேட்டரி உப்பிய கேமராவைத் தூக்கிப் போட்ட பின் நல்லதாக ஒன்று வாங்கினோம். அட்டையை மட்டும் பழைய கைப்பேசியிலிருந்து எடுத்துச் செருகினோம். நான்கு திங்கள் சென்றன. கஞ்சிக்கோட்டுச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, முன்னால் நின்ற சரக்கு ஆட்டோ பின்னோக்கி உருண்டு வந்து எம் வண்டியை இடித்தது. "இடித்தது நீங்கள்தான்" என்றார் அதன் ஓட்டுநர். யாம் மிகுந்த பெருமிதத்தோடு கேமராவைக் கழற்றினோம். அதில் இருந்த கடைசிப் பதிவு மூன்று வாரத்திற்கு முந்தியது! அட்டை தேய்ந்து எழுத மறுத்துவிட்டது. விளக்கு மட்டும் ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. சாட்சி உறங்கிவிட்டார். எம் இல்லாள் அன்று சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

காரணம் எளிது. கைப்பேசியில் நாளைக்குப் பத்துப் படம் எழுதுகிறோம். இந்தக் கேமராவோ ஓயாது எழுதி, அட்டை நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே மீண்டும் எழுதுகிறது. சாதாரணத் தரத்தில் எழுதினாலும் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 7 ஜிபி ஆகும். 64 ஜிபி அட்டை 9 மணி நேரத்தில் நிறைந்துவிடும். முன்னும் பின்னும் இரு கேமராக்கள் இருந்தால் அதில் பாதி நேரம். ஆதலின், இடையறாது எழுதுவதற்கென்றே செய்த அட்டைகளை வாங்க வேண்டும். உறையின் மேல் ஹை எண்டியூரன்ஸ் என்று குறித்திருப்பார்கள். திங்களுக்கு ஒருமுறை கேமராவிலேயே அதை முழுதும் அழித்துப் புதுப்பிக்க வேண்டும். சம்பள நாளன்று செய்வது என்று யாம் வழக்கப்படுத்திக்கொண்டோம். வாரத்திற்கு ஒரு பதிவையேனும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது மலைநாட்டார்க்கே உரிய ஒன்று. மோதல் நேர்ந்தால் அதை உணர்ந்து, அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் பூட்டி வைக்கும் உணர்வுக் கருவி பெரும்பாலான கேமராக்களில் உண்டு, ஜி-சென்சார் என்பர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறையூர்ச் சாலையின் குழியும் தோட்டத்துக் கல்பாதையும் அதற்கு மோதலாகவே தோன்றும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பதிவைப் பூட்டும். பூட்டியவை பெருகி அட்டை நிறைந்துவிட்டால் புதிய பதிவுக்கு இடம் இராது. வாங்கியவுடன் அந்த உணர்வை மிகக் குறைந்த அளவில் வைத்துவிடுங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவர் மலைக்குச் செல்பவர் அல்லர்.

படத்தின் தெளிவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1080 என்பது அடிப்படை, 1440 நடுத்தரம், 4கே என்பது உயர்வு. பகலில், பத்துப் பதினைந்து மீட்டருக்குள் எண் பலகையைப் படிக்க வேண்டும் என்பதே நம் தேவை. அதற்கு 1440 போதும் என்பது எம் கருத்து. 4கே வாங்கினால் அட்டை விரைவில் நிறையும், கருவியும் அதிகமாகச் சூடேறும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கருவியில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே எத்துணைத் தெளிவான கருவியாயினும், விரைந்து கடக்கும் வண்டியின் எண் கலங்கியே தெரியக்கூடும். இரவில் எதிர் விளக்கின் கூச்சத்தில் எண் பலகை வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். வெளிச்சமும் இருளும் ஒருங்கே வரும்போது இரண்டையும் சமன்செய்யும் டபிள்யூடிஆர் என்னும் ஏற்பாடு இருந்தால் ஓரளவு நன்று. திருச்சூர் செல்லும் வழியில் குதிரான் சுரங்கத்திலிருந்து வெயிலுக்கு வெளிவரும்போது அதன் பயனைக் காணலாம். பனியில் எந்தக் கருவியும் நம் கண்ணை விட அதிகமாகப் பார்க்காது. விளம்பரத்தில் வேறு விதமாகச் சொன்னால் நம்பாதீர்கள். எண்ணைப் படிக்க முடியாவிட்டால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஒலிவாங்கி திறந்திருந்தால் அது பதிவாகிவிடும்.

ஒலிவாங்கி என்றவுடன் நினைவு வருகிறது. கேமரா காருக்குள் பேசுவதையும் பதியும். எம் மாமியாரைப் பற்றி எம் இல்லாளும், எம் அன்னையைப் பற்றி யாமும் பேசியதெல்லாம் ஒரு நாள் உறவினர் நடுவே தொலைக்காட்சியில் ஒலித்தது. அன்று முதல் அதை மூடியே வைத்திருக்கிறோம்; வேண்டும்போது பொத்தானை அழுத்தித் திறக்கலாம். காட்சியை மட்டும் நம்பி ஒலியை மறந்துவிடாதீர்கள்.

நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பார்த்தல் மிக இன்றியமையாதது. சில கருவிகள் மின்சாரம் அற்றுப்போனால் தாம் பிறந்த ஆண்டின் சனவரி முதல் நாளுக்கே திரும்பிவிடும். 2018 என்று தேதி காட்டும் பதிவைக் கொண்டுபோய் நேற்று நடந்த விபத்து என்றால் யார் ஏற்பார்? ஜிபிஎஸ் உள்ள கருவி தானே மணியைத் திருத்திக்கொள்ளும். சென்ற இடத்தையும் வேகத்தையும் படத்தின் அடியில் எழுதும். வேகம் எழுதப்படுவது சிலருக்குப் பிடிப்பதில்லை. நம் வேகத்தையும்தானே எழுதும்!

பொருத்தும் இடம் நடுக்கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடம். மழைத் துடைப்பான் துடைக்கும் பகுதிக்குள் அது இருக்க வேண்டும். இல்லையேல் இடவப்பாதி மழையில் நீர்த்துளிகளைத்தான் படம் பிடிப்பீர்கள். கம்பியை ஓரத் தூண் வழியாக இழுக்கும்போது, அதற்குள் காற்றுப்பை மடிந்திருந்தால் அதன் குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகிப் பயன்படுத்துவதே நம்மைப் போன்றோர்க்கு எளிது. வண்டி நிற்கும்போதும் காவல் காக்கும் ஏற்பாடு வேண்டுமென்றால் வண்டியின் பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்ததும் தானே நின்றுவிடும் கருவி அதில் இல்லாவிடில் காலையில் வண்டி கிளம்பாது. குடியிருப்பின் உள்ளே நிறுத்துவோர்க்கு இது வேண்டுவதில்லை என்பது எம் எண்ணம். பின்பக்கக் கேமரா? நெடுஞ்சாலையில் செல்வோர்க்குப் பயன்படும். பணம் குறைவாயின் முன்பக்கம் ஒன்றை நல்லதாக வாங்குவதே மேல்.

யானை வழிகளைப் பற்றியும் ஒரு சொல். 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்ட அரிக்கொம்பன், மே 27-ஆம் நாள் எம் ஊராகிய கம்பத்தின் தெருக்களிலேயே ஓடியதை அறிவீர்கள். மூணாற்றுப் படையப்பாவைப் பார்க்க வண்டியை நிறுத்திக் கைப்பேசியை நீட்டுவோரைக் கண்டால் எமக்கு உடல் நடுங்குகிறது. வேண்டுமானால் கேமரா பிடித்துக்கொள்ளும். கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும், தொலைவில் நின்று பின்வாங்குங்கள்.

சட்டத்தைப் பற்றி அறிந்த அளவு சொல்கிறோம். நம் நாட்டில் சொந்தக் காரில் இக்கருவி வைத்தே ஆக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. கூடாது என்ற சட்டமும் இல்லை. 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமாகிய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளைப் பற்றியது. நகலைச் சான்றாக வைப்பதாயின், பதிவை வைத்திருப்பவர் ஒரு பகுதியும் வல்லுநர் ஒரு பகுதியும் நிரப்பிய சான்றிதழ் வேண்டும். ஆதலின் விபத்து நேர்ந்தால் உடனே கேமராவை நிறுத்தி அட்டையைக் கழற்றிவிடுங்கள். ஓடவிட்டால் தன் மேலேயே எழுதிக்கொள்ளும். ஒரு நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அப்படியே வையுங்கள். வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் உலவ விடாதீர்கள். அதில் அடிபட்டவர் ஒரு தாயின் பிள்ளை. இவை எல்லாவற்றிற்கும் முன்னர், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டியவர்க்கு இட்ட கடமை இருக்கிறது: காயம்பட்டவர்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும். கேமரா இருக்கிறது என்று வண்டியில் அமர்ந்திருத்தல் தகாது.

இப்பொழுது விட்ட இடத்திற்கு வருகிறோம்.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறையூர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். வலப்புற வளைவு ஒன்றில் எதிரே லாரி ஒன்று ஒலிப்பானை நெடுநேரம் அலறவிட்டு, ஓரத்தில் நின்றேவிட்டது. "பார்த்தாயா, நம் பக்கமே வந்துவிட்டான்!" என்று எம் மகனிடம் கடிந்துகொண்டோம். வீடு வந்ததும், அந்த லாரிக்காரரின் பிழையை எல்லோர்க்கும் காட்டும் ஆவலோடு அட்டையைத் தொலைக்காட்சியில் செருகச் சொன்னோம். புதிய அட்டை, நல்ல வெயில், சாலையின் நடுவே மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிந்தது. லாரி தன் பக்கத்தில்தான் வந்தது. கோட்டைக் கடந்து உள்ளே வெட்டித் திரும்பியது எம் வண்டி.

வீட்டில் ஒருவரும் பேசவில்லை. மகன் மட்டும் பதிவை முதலிலிருந்து மீண்டும் ஓட்டினான். அந்தப் பதிவுகளில் வலப்புற வளைவுகள் பதினொன்று. அவற்றில் ஏழில் யாம் கோட்டைக் கடந்திருந்தோம். இருபது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறோம். இப்படி ஒரு பழக்கம் எமக்கு உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் அமர்ந்தவர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கேப் ரோட்டு வளைவும் வலப்புற வளைவுதான். மேலிருந்து இறங்கியவர்கள் யாம். ஏறி வந்தவர் அவர். 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டு ஒழுங்கு விதிகளும், மலைச் சாலையில் இடம் போதாதபோது இறங்குபவரே ஒதுங்கி ஏறுபவர்க்கு வழி விட வேண்டும் என்கின்றன. அன்று கேமரா இல்லை. ஆகவே என்ன நடந்தது என்பதை உறுதியாகச் சொல்ல இனி எவராலும் இயலாது. ஆயினும் அந்த ஏழு வளைவுகளைப் பார்த்த பின், 4,500 ரூபாயை எம் பணம் என்று எண்ண எம்மால் இயலவில்லை. "வயதில் மூத்தவரா பொய் சொல்வார்?" என்றார்கள். யாம் பொய் சொல்லவில்லை. அறியாமல் சொன்னோம்; அதற்கும் அவர்தான் பணம் கொடுத்தார்.

கோடை விடுமுறையில் மூணாறு சென்றபோது, தமக்கையின் கணவரை உடன் அழைத்துக்கொண்டு ஜீப்புகள் நிற்கும் இடத்திற்குப் போனோம். அவர் தயங்கினார், "ஒன்றரை வருடம் ஆயிற்று, இப்போது போய்க் கிளறுவானேன்?" என்றார். ஜீப்பின் எண் அன்று மகன் எடுத்த படத்தில் இருந்ததால் ஆளைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. எம்மைக் கண்டதும் அந்த இளைஞர் முகம் மாறியது. மீண்டும் பணம் கேட்க வந்தோம் என்று எண்ணிவிட்டார் போலும். உறையை நீட்டி, நடந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உறையைப் பிரித்து எண்ணினார். "அண்ணே, அந்தப் பனியில் நானும்தான் கோட்டைப் பார்க்கவில்லை" என்று சொல்லி, 2,000 ரூபாயைத் திருப்பி எம் கையில் வைத்தார். வேண்டாம் என்றோம்; கேட்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது, "அந்தக் கேமரா என்ன விலை அண்ணே? ஜீப்புக்கு வைக்கலாமா?" என்றார். வைக்கலாம், ஆனால் ஜீப்பின் ஆட்டத்திற்கு உறிஞ்சிப் பிடிக்கும் தாங்கி நில்லாது, ஒட்டுப் பட்டை உள்ளதாக வாங்க வேண்டும், மோதல் உணர்வை முழுதும் அணைத்துவிட வேண்டும், பின்பக்கக் கேமரா புழுதியில் பயன்படாது, அட்டையில் மட்டும் சிக்கனம் கூடாது என்றோம். தேநீர்க் கடையில் வாங்கிய காகிதத்தின் பின்புறத்தில் அனைத்தையும் எழுதியும் கொடுத்தோம். அதே குறிப்பைத்தான் விரித்து இன்று உங்கள் முன் வாசித்தோம்.